எதிர்க்கடை லென்ஸ்

என் கண் மங்கத் தொடங்கிய வருஷம் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரிக்குப் பார்வை போய்விட்டது என்று தெருவில் தெரிந்தால் யார் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள்? நூல் கோர்க்க வேண்டிய நேரமெல்லாம் கடை வாசலுக்கு எழுந்து வந்து, வெயில் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு, நுனியை எச்சில் தொட்டுக் குத்துமதிப்பாகக் குத்திக்கொண்டிருப்பேன். எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை. அங்கே வேலை பார்த்த பெண் ஒருநாள் காலையில், "அக்கா, கத்திரி குடுங்க, ஒரு அட்டை வெட்டணும்" என்று வந்தாள். கத்திரி கைக்கு வந்த பிறகும் போகவில்லை. ஏதோ பேசிக்கொண்டே, ஊசி குத்தி வைக்கும் என் பஞ்சு மூட்டையை எடுத்து, ஒவ்வோர் ஊசியிலும் கறுப்பு, வெள்ளை, நீலம் என்று நூல் கோர்த்துக் குத்தி வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் கத்திரி கேட்டு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஒரு கடையில் கத்திரி இல்லாமலா இருக்கும்? கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்கிற வரைக்கும் கத்திரி இரவல் வாங்கிக்கொண்டே இருந்தாள்.

இப்படிப்பட்ட பெண்ணைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

தெருவில் அவளுக்கு லென்ஸ் என்று பெயர். கண்ணாடிக் கடையில் வேலை என்பதால் மட்டுமல்ல, அவள் போட்டிருந்த கண்ணாடியே அவ்வளவு தடிமன். யாராவது கேலி செய்தால், "கடைக்கு விளம்பரம்ங்க. உங்களுக்கும் ஒண்ணு மாட்டி விடட்டுமா?" என்பாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அம்மா அப்பா இல்லை. வயரிங் வேலை பார்க்கும் அண்ணனோடு இருந்தாள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம், அதுதான் அவள் அறை. அண்ணி பொல்லாதவள் இல்லை. வீடு சின்னது. சின்ன வீட்டில் நல்லவர்களுக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்.

என்னை அக்கா என்று கூப்பிட்டாள். என் மகள் அவளை அக்கா என்று கூப்பிட்டாள். சரக்கு வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நீயும் உன் பொண்ணும் அக்கா தங்கச்சியா? நான் யாருடி உங்களுக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் கண் பரிசோதிக்கிற நாற்காலி ஒன்று உண்டு. முதலாளிக்கு முதுகுவலி வந்த பிறகு அந்த வேலையையும் அவளே பார்த்தாள். வந்தவர் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, அதில் வட்ட வட்டமான கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கேட்பாள். தெருவில் வண்டி இல்லாத நேரத்தில் அந்தக் கேள்வி என் தையல் மெஷின் வரைக்கும் கேட்கும். "முன்னாடி இருந்ததும்மா." "சரி, இப்போ? இதுவா, அதுவா?" "இதுதான்." இப்படியே போய்க் கடைசியில், "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்பார்கள். அந்தப் பதில் வந்துவிட்டால் சோதனை முடிந்தது, நம்பர் சரியாகிவிட்டது. சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

எனக்கு ஒரே மகள். பதினோராம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பழைய கூட்டாளிகள் எல்லாம் வேறு வேறு பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மகள் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போனாள். உடம்பு மட்டுமில்லை, பேச்சும் வற்றிவிட்டது. பள்ளி விட்டு வந்தால் படுக்கை, கூப்பிட்டால் "ம்", என்ன ஆச்சு என்றால் "ஒண்ணுமில்ல". வாயாடி என்று தெருவே பெயர் வைத்த பிள்ளை அது. நான் ராத்திரி விளக்கணைத்த பிறகு படுக்கையில் உட்கார்ந்து கும்பிடுவேன். கடவுளே, என் பிள்ளையைப் பேச வை, வேறொன்றும் கேட்கவில்லை என்று வேண்டிக்கொள்வேன்.

தலைவலி என்று ஒருநாள் சொன்னாள். கண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்து நானே எதிர்க்கடைக்கு அனுப்பி வைத்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் போனவள் உடனே திரும்பவில்லை. நான் ஒரு சட்டைக்குக் காலர் வைத்து, பொத்தான் தைத்து, அடுத்த சட்டையையும் பிரித்துப் போட்டுவிட்டேன். அப்போதுதான் தெருவைத் தாண்டி ஒரு சிரிப்பு வந்தது. யாரோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது என் மகளின் சிரிப்பு. அதைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்ததால் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கடவுள் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார். ஆனால் கொண்டுபோய் எதிர்க்கடையில் அல்லவா வைத்துவிட்டார்?

அன்றிலிருந்து தினமும் பள்ளி விட்டு வந்ததும் பையை என் மேஜையில் வீசிவிட்டு அங்கே ஓடிவிடுவாள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சட்டத்தை மகள் மூக்கில் மாட்டிவிட்டு, சில்லு எதுவும் போடாமலே லென்ஸ் கேட்பாள். "இன்னிக்கு இருந்தது தெளிவா, நேத்து இருந்தது தெளிவா?" மகள் யோசித்து, "நேத்து" என்பாள். "கிளாஸ்ல கஷ்டமா, இடைவேளைல கஷ்டமா?" "இடைவேளைல." "தனியா உக்காந்திருக்கிறதா, நாலு பேரோட உக்காந்து யாரும் பேசாம இருக்கிறதா?" இதைக் கேட்டதும் என் மகள் சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாளாம். பிறகு அழுதாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்க்கடையின் முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு தலைகள் ஒட்டி இருந்தது மட்டும்தான்.

நான் பார்த்துக்கொண்டே தைத்ததில் ஒரு சட்டைக்குக் கைப்பட்டி தலைகீழாகப் போய்விட்டது. வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு வந்தவர், என்னையும் பார்த்து எதிர்க்கடையையும் பார்த்தார்.

"என்னடி, மருமகள முறைக்கிற மாமியார் மாதிரி உக்காந்திருக்கே?"

"நான் ஒண்ணும் முறைக்கல. வெளிச்சம் பாத்தேன்."

"வெளிச்சம் மேல இருக்கு, நீ பாக்கிறது எதிர்ல இருக்கு."

"போயி வேனைக் கழுவுங்க."

மனசைச் சமாதானப்படுத்த ஜெபத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். கடவுளே, என் பிள்ளை யாரிடம் வேண்டுமானாலும் பேசட்டும், ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் என்னிடம் சொல்லட்டும். இப்படி வேண்டிக்கொண்டால் எந்தக் கடவுள் காதுகொடுப்பார்? எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், சோதனை நாற்காலியில் நானே போய் உட்கார்ந்தேன். கண்ணாடி கழன்று ஆடுகிறது என்று ஒரு சாக்கு. அவள் திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"என் பொண்ணு உன்கிட்ட என்னதான் சொல்றா?"

"அவகிட்டயே கேளுங்கக்கா."

"சொன்னா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்? நான் அவளைப் பெத்தவ. எனக்குத் தெரியக்கூடாதா?"

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "அக்கா, ஒருத்தங்க உங்ககிட்ட தைக்கக் குடுத்த துணிய, அவங்க சொந்தக்காரங்க வந்து கேட்டா எடுத்துக் குடுத்துருவீங்களா?"

"துணியும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதான்க்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், அவ உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா, அந்த நிமிஷமே தெருவத் தாண்டி ஓடி வந்துருவேன். அதை அவகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

பதில் நியாயமாக இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமானது. நியாயமில்லாமல் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அவள் இதையெல்லாம் பொழுதுபோக்காகச் செய்யவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் இளம் பிள்ளைகளின் மனநலத்துக்கென்று தனி அறை திறந்திருந்தார்கள். அந்த டாக்டரம்மா ஒருநாள் கண்ணாடி மாற்ற வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி அலுத்துக்கொண்டாராம். "ரூமுக்குப் பெயின்ட் அடிச்சேன், படம் மாட்டினேன், போர்டு வெச்சேன். ஒரு பிள்ளைகூட உள்ள வர மாட்டேங்குது."

லென்ஸ் சில்லை மாற்றிக்கொண்டே, "அந்த ரூம் எப்படி இருக்கணும்னு யாரு டாக்டர் யோசிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"நாங்கதான். ஏன்?"

"உங்கள்ல சின்னவங்களுக்கு என்ன வயசு?"

டாக்டரம்மா நல்ல மனுஷி. கோபித்துக்கொள்ளாமல், "நீயே வந்து பாரேன்" என்றாராம். லென்ஸ் தனியாகப் போகவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண், பந்து விளையாட்டில் கோல்கீப்பராக நிற்கிற நெட்டைப் பையன், இன்னும் இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் என்று கூட்டிக்கொண்டு போனாள். தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பையனின் படம் ஒன்று சுவரில் இருந்ததாம். "இதப் பாத்தா நல்லா இருக்கிறவனுக்கும் தலைவலி வந்துரும் டாக்டர்" என்று கோல்கீப்பர்தான் அதை முதலில் கழற்றினான். அந்த அறைக்குப் போக வேண்டுமானால் தடுப்பூசி போடுகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே குழந்தையோடு காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் தெருக்காரர்கள். "எங்க அம்மாவுக்குத் தெரிஞ்ச எல்லாரும் வரிசையா உக்காந்து யாரு போறான்னு பாத்துக்கிட்டிருக்கும்போது எவன் உள்ள வருவான்?" என்று பில் போடுகிற பெண் கேட்டாள். மருந்துக் கடைப் பக்கமாக இருந்த பின்கதவைத் திறந்துவிட்டார்கள். நேரத்தைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றினார்கள்.

கடைசியாக, வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகள். சோகமாக இருக்கிறாயா, ஆமாவா இல்லையா, தூக்கம் வருகிறதா, ஆமாவா இல்லையா என்று வரிசையாக இருந்ததாம். அங்கே லென்ஸ் தன் கதையைச் சொன்னாள். பதினாறு வயதில் அம்மா போன பிறகு அவளும் கட்டிலிலிருந்து எழுந்திருக்காமல் பல மாதம் கிடந்தாள். அண்ணன்தான் இதே மருத்துவமனைக்குத் தூக்காத குறையாகக் கூட்டிவந்தான். இதே கேள்விகளைக் கேட்டார்கள். அவள் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். "ஆமான்னு சொன்னா அடுத்து என்ன கேப்பாங்களோன்னு பயம் டாக்டர். ஆனா ரெண்டுல எதுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொல்றதுக்கு வாய்ல வார்த்தை வேணாம்ல, கையக் காட்டினாலே போதும்." அப்படித்தான் கண்ணாடிக் கடைக் கேள்வி மருத்துவமனைக்குள் போனது. பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் மாற்றினார்கள். டாக்டரம்மா கூடவே இருந்து, எது பிசகு, எது சரி என்று பார்த்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு பின்கதவு வழியாகப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. மரியாதை வந்தால் பொறாமை போய்விடும் என்று யார் சொன்னார்கள்? இரண்டும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கொண்டன.

பரீட்சைக் காலத்தில் ஒரு சாயங்காலம். மகள் வழக்கம்போல் எதிர்க்கடைக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம். நான் ஒரு கண்ணை மெஷினிலும் ஒரு கண்ணை அங்கேயும் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே வந்தாள். நம் கடைக்குத்தான் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. தெருக்கோடியைப் பார்த்து நடந்தாள். தோழி வீட்டுக்குப் போகிறாளாக்கும் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரமாகியும் ஆளைக் காணோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். தெரிந்த வீடுகளிலெல்லாம் கேட்டாயிற்று. நான் எதிர்க்கடைக்கு ஓடினேன்.

"என் பொண்ணு எங்கே?"

லென்ஸ் முகம் வெளுத்துப்போனது. சட்டத்தோடு உட்கார்ந்திருந்த பெரியவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். "வீட்டுக்கு வரலையா?"

"வந்திருந்தா உன் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருப்பேனா? என்ன சொன்னா உன்கிட்ட? இன்னிக்காவது சொல்லித் தொலை!"

"ஒண்ணும் சொல்லலக்கா. எது கேட்டாலும் ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டும் ஒண்ணுதான்னா. நான்..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சரின்னு சட்டத்தக் கழட்டிட்டு அடுத்தவங்களக் கூப்பிட்டுட்டேன். அய்யோ. கை பழக்கத்துல முடிச்சுட்டேன்க்கா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தினம் எத்தனை பேர் அந்தப் பதிலைச் சொல்லி, எத்தனை பேருக்கு அவள் சட்டத்தைக் கழற்றியிருப்பாள். அந்தக் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான், எல்லாம் சரியாகிவிட்டது. என் மகள் வாயில் அதற்கு வேறு அர்த்தம்.

அந்தப் பயத்துக்கு உள்ளேயும் ஓர் ஓரத்தில், ஓகோ, இவளுக்கும் தெரியவில்லை பார் என்று ஒரு சின்னத் திருப்தி எட்டிப்பார்த்தது. பிள்ளையைக் காணாமல் தவிக்கிற நேரத்தில் மனுஷ மனசு இப்படியும் செய்யும். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

லென்ஸ் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். கோல்கீப்பர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனான். என் வீட்டுக்காரர் வேனில் ஒரு பக்கம் போனார். கடைசியில் பஸ் டிரைவர் ஒருவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார். பஸ் கடைசி நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போயும் இந்தப் பெண் இறங்கவே இல்லை என்று அவருக்குச் சந்தேகம். பேச்சுக் கொடுத்து, வீட்டுப் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, வேன் வருகிற வரைக்கும் டிப்போ அலுவலகத்தில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்.

வேனிலிருந்து இறங்கிய மகளை நான் கட்டிக்கொண்டேன். திட்டவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. "ஏண்டி இறங்கல?" என்று மட்டும் கேட்டேன்.

"வீட்டுக்கு வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதான்னு தோணுச்சும்மா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையிலேயே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் தனியாக நேரம் ஒதுக்கி அவளிடம் பேசினார், எங்களிடமும் பேசினார், மருந்து கொடுத்தார், வாரந்தோறும் வரச் சொன்னார். சும்மா வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்த நானும் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம்.

லென்ஸ் அந்த வாரம் கடைக்குள்ளேயே இருந்தாள், என் பக்கம் தலை தூக்கவில்லை. மருத்துவமனை அறையில் அந்தப் பிள்ளைகளின் கூட்டம் கூடிய நாளில் என் மகளையும் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டுத்தான் வாசலுக்கு வந்தாள். மகளே முந்திக்கொண்டு, "போறேன்" என்றாள். அங்கே எல்லார் முன்னாலும் லென்ஸ், தான் செய்த தவறைச் சொன்னாளாம். மற்றவர்கள் அவளைச் சமாதானப்படுத்தப் போனார்கள். என் மகள்தான் குறுக்கே பேசினாள்.

"சும்மா தேத்தாதீங்க. அக்கா செஞ்சது தப்புதான். ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா அதோட முடிக்கக் கூடாது, அப்பதான் ஆரம்பிக்கணும். கேக்கிறதுக்குக் கேள்வி இல்லாட்டியும் பரவாயில்ல. எழுந்து மட்டும் போயிடாதீங்க. டாக்டர் வர்ற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருங்க."

அதைத்தான் அந்த அறையின் முதல் விதியாக வைத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பதிலை ஒரு பிள்ளை திரும்பத் திரும்பச் சொன்னால், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் டாக்டரம்மாவைக் கூப்பிடப் போவார். என் மகள் சொன்ன வார்த்தை அது. இதை எனக்குச் சொன்னது யார்? லென்ஸ். என் பிள்ளை பேசியதை நான் அவள் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. பெருமையில் ஒரு கண் நிறைந்தது, எரிச்சலில் மறு கண்.

பிறகு பெற்றவர்களுக்கும் ஒரு கூட்டம் வைத்தார்கள். நடத்தியது பிள்ளைகள்தான், டாக்டரம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோல்கீப்பர் முன்னால் நின்று, "உங்க பிள்ளை எதிர்ல உக்காந்திருக்குன்னு நெனச்சுக்குங்க. கேள்வியே கேக்காம ஒரு நிமிஷம் பேசணும். யாரு முதல்ல?" என்றான். பெரிய மீசைக்காரர் ஒருவர் தைரியமாக எழுந்தார். "கண்ணு, இன்னிக்கு..." என்று ஆரம்பித்து, "என்ன பண்ணே?" என்று முடித்துவிட்டார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அடுத்தவர், "சாப்பிட்டியா?" ஒருத்தி யோசித்து யோசித்து, "வந்து... நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். என் முறை வந்தது. மனசில் வந்ததெல்லாம் கேள்வியாகவே இருந்தது. பெற்ற நாளிலிருந்து நான் என் பிள்ளையிடம் கேள்வி தவிர வேறெதுவுமே பேசியதில்லையோ என்று பயமாகிவிட்டது. "தெரியலப்பா" என்று உட்கார்ந்தேன். "அட, அது நல்லா இருக்கே! அதுல கேள்வியே இல்ல" என்று அவன் கை தட்டினான். அந்தப் பக்கத்து மூலையில் நின்றிருந்த என் மகள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நானும் லென்ஸ் மாதிரி முயற்சி செய்தேன். "இன்னிக்கு தெளிவா, நேத்து தெளிவா?" என்று கேட்டதுதான் தாமதம், மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா! நீ அக்கா மாதிரிப் பேசாத. கேக்கவே சகிக்கல."

"அப்போ நான் எப்படித்தான் பேசறது?"

"பேசாத. நீ தைச்சுக்கிட்டே இரு. நான் இங்க உக்காந்துக்கிறேன்."

மெஷின் பக்கத்தில் வெட்டுத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். நான் மிதித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது ஏதோ சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை. நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். மறுபடி மிதித்தேன், மறுபடி பேசினாள். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மெஷின் ஓடினால்தான் அவள் வாய் ஓடும். பாதி சொல் எனக்குக் கேட்கும், பாதியைச் சத்தம் தின்றுவிடும். கேட்ட பாதியிலேயே தூங்க முடியாத அளவுக்கு விஷயம் இருந்தது. கையிலிருந்த பாவாடை முடிந்துவிட்டது. நிறுத்தினால் இவளும் நிறுத்திவிடுவாளே! கையில் அகப்பட்ட கிழிசல் துணியை ஊசிக்கடியில் தள்ளி, மேலும் கீழும் வெறும் தையல் போட்டுக்கொண்டே இருந்தேன். நூல்கண்டு ஒன்று காலியானது. அதற்குப் பிறகு பல சாயங்காலங்கள் இப்படித்தான் போயின. வீட்டுக்காரர் அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன, யானைக்குக் கோவணமா?" என்றார்.

ஆனாலும் எரிச்சல் தீர்ந்துவிடவில்லை. எதிர்க்கடையில் மகள் அமைதியில் உட்கார்ந்து முழுசாகச் சொன்னாள். எனக்குக் கிடைத்தது சத்தத்துக்கு நடுவே சிந்தியது. சிலநாள் என்மேல் எரிந்து விழுந்தாள், கதவைச் சாத்தினாள். லென்ஸிடம் போனால் பூ மாதிரி பேசினாள். நான் தினமும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், தினமும் தோற்றேன்.

அடுத்த வருஷம் லென்ஸுக்குத் தூரத்து ஊரில் பெரிய கண் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. டாக்டரம்மாதான் அவளுக்காக அங்கே சொல்லிவைத்திருந்தார். தங்க இடமும் உண்டு என்றார்கள். அண்ணி அழுதாள், உண்மையாகவே அழுதாள். நான் லென்ஸுக்கு ஒரு தோள்பை தைத்துக் கொடுத்தேன். அவள் போகிறாள் என்று தெரிந்த நாளில் நான் முதலில் நினைத்தது, இனி என் பிள்ளை எனக்குத்தான் என்பது. அதற்குப் பிறகுதான், ஐயோ, இனி என் பிள்ளை யாரிடம் முழுசாகச் சொல்வாள் என்று நினைத்தேன்.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். மகள் வரவில்லை. அன்று சாயங்காலம் மருத்துவமனை அறையில், வருகிற பிள்ளைகளோடு உட்காருகிற முறை அவளுடையது. முந்தைய நாளே அக்காவிடம் விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டாள். பெட்டியை மேலே ஏற்றிய பிறகு லென்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். கேட்கக்கூடாது என்று தெரிந்தும், "அவ உன்கிட்ட என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லா இருங்கக்கான்னு சொன்னா. அழுதா. உங்ககிட்ட காலைல என்ன சொன்னா?"

"என்கிட்டயா? வழியனுப்ப நீயும் வாயேன்னு கூப்பிட்டேன். 'முறைய விட்டுட்டு வர முடியாது, சும்மா நச்சரிக்காத, வாய மூடு'ன்னு கத்திட்டு, கதவ அடிச்சுச் சாத்திட்டுப் போனா. போன வேகத்துல திரும்பி வந்து, ராத்திரி கடைய சீக்கிரம் பூட்டிராத, முறை முடிஞ்சதும் வந்து உக்காருவேன்னு சொல்லிட்டுப் போறா."

லென்ஸ் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பஸ் புறப்படுகிற சத்தம் வந்தது. சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள்.

"இத்தன நாள்ல அவ என்கிட்ட ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, வாய மூடுன்னு சொன்னதில்லக்கா. யாருமே சொன்னதில்ல. எல்லாரும் என்கிட்ட நல்ல பிள்ளையாத்தான் இருக்காங்க. உங்களப் பாத்தா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா? குடுத்து வெச்சவங்க நீங்க."